மூன்று முறை புதைக்கப்பட்ட பிரதமர்

ஒருத்தரை ஒரு தடவைதான் புதைக்க முடியும்னு நினைப்போம். ஹங்கேரியின் பிரதமராக இருந்த இம்ரே நாட்ஜை மூன்று தடவை புதைத்தார்கள். முதல் தடவை 1958-ல், தூக்கில் போட்ட சிறையின் முற்றத்திலேயே. இரண்டாவது தடவை 1961-ல், புடாபெஸ்ட் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு கல்லறைத் தோட்டத்தின் கடைசி மூலையில், வேறொரு பெயரில், முகம் குப்புற. மூன்றாவது தடவை 1989-ல், லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடி நிற்க, நாடு முழுக்க தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க.

அதோட முடிஞ்சுதான்னு கேட்டா, இல்லை. 1996-ல் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சிலை வைத்தார்கள். 2018 டிசம்பர் 28-ம் தேதி அதைக் கிரேனில் தூக்கி எடுத்துட்டுப் போயிட்டாங்க.

ஒரே மனிதர். ஒரு அரசுக்குத் துரோகி, அடுத்த அரசுக்குத் தியாகி, அதற்கடுத்த அரசுக்குக் கொஞ்சம் சங்கடமான ஆள். செத்த பிறகு அவர் எதுவும் செய்யலை. ஆனாலும் அவருடைய வாழ்க்கை மாறிக்கிட்டே இருக்கு. அது எப்படின்னு புரியணும்னா, முதலில் அவர் உண்மையில் எப்படி வாழ்ந்தார்னு முழுசா பார்க்கணும். நல்லது, கெட்டது எதையும் விடாமல்.

ஃபிட்டர் பையன்

1896 ஜூன் 7. ஹங்கேரியின் தெற்கே கப்போஷ்வார் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் ஏழை விவசாயக் குடும்பங்களிலிருந்து நகரத்துக்கு வந்து வேலைக்கு நின்றவர்கள். அந்த நாட்டில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும், கிட்டத்தட்ட நம்ம இனிஷியல் மாதிரி. அதனால் ஊரில் அவர் நாட்ஜ் இம்ரே. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுட்டு இரும்பு வேலைக்குப் பயிற்சிக்குப் போனார். இன்றைக்கு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் டிரேடு படிக்கிறவங்க செய்யற வேலைக்கு ரொம்பப் பக்கத்து வேலை அது.

முதல் உலகப் போர் அவரையும் இழுத்துக்கொண்டது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் சிப்பாய். 1916-ல் காயப்பட்டு ரஷ்யர்களிடம் பிடிபட்டார். சைபீரியாவில் போர்க் கைதி முகாம். அவர் உள்ளே இருக்கும்போதே வெளியே ரஷ்யப் புரட்சி நடந்து முடிந்தது. ஜமீன்தார்களிடமிருந்து நிலத்தைப் பிடுங்கி உழுகிறவனுக்குக் கொடுப்போம் என்ற பேச்சு, நிலமில்லாத குடும்பத்துப் பையன் ஒருத்தனுக்கு எப்படிக் கேட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. 1920-ல் ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினரானார். கடைசி நாள் வரைக்கும் தன்னைக் கம்யூனிஸ்ட் என்றுதான் சொல்லிக்கொண்டார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

மாஸ்கோவில் 14 வருடம்

1921-ல் ஊர் திரும்பினார். ஹங்கேரியில் அப்போது கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை. கைது, கண்காணிப்பு என்று சில வருடம் ஓடியது. 1930-ல் மாஸ்கோ போனார். 1944 வரைக்கும் அங்கேதான். விவசாயப் பொருளாதார ஆராய்ச்சி, கொஞ்ச நாள் புள்ளிவிவர வேலை, போர்க்காலத்தில் ஹங்கேரிய மொழி வானொலி.

கேட்க அமைதியான வாழ்க்கை மாதிரி இருக்கும். ஆனால் 1930-களின் மாஸ்கோ அமைதியான இடமில்லை. ஸ்டாலினுடைய களையெடுப்பில் அங்கே அடைக்கலம் தேடிப் போன வெளிநாட்டுக் கம்யூனிஸ்ட்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். 1919-ல் ஹங்கேரியில் கம்யூனிஸ்ட் ஆட்சியை நடத்திய பேலா குன் கூட அதில் செத்தார். இம்ரே பிழைத்தார். எப்படிப் பிழைத்தார் என்ற கேள்விக்கு, அவர் செத்து 30 வருடம் கழித்து ஒரு பதில் வெளியே வந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

நிலம் கொடுத்த மந்திரி

1944 கடைசியில் சோவியத் படைகளோடு நாடு திரும்பி, தற்காலிக அரசில் விவசாய மந்திரியானார். 1945 மார்ச்சில் நிலச் சீர்திருத்த ஆணை வந்தது. பெரிய பண்ணைகளை உடைத்து, 6 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு உழுதவர்கள் கையில் முதல் தடவையாகச் சொந்த நிலம். கிராமங்களில் அவருடைய பெயர் நின்றது இதனால்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 1945 நவம்பரிலிருந்து சில மாதங்கள் அவர் உள்துறை மந்திரி. ஹங்கேரியில் நூற்றாண்டுகளாக வாழ்ந்த ஜெர்மன் மொழிக்காரர்களை ரயிலேற்றி நாட்டை விட்டு அனுப்பும் வேலை அந்தக் காலத்தில்தான் தொடங்கியது. 1946 ஜனவரியில் முதல் ரயில்கள் கிளம்பின.

பிறகு மாத்யாஷ் ராகோஷி கையில் நாடு முழுசாகப் போனது. ஸ்டாலினைவிட ஸ்டாலினாக இருக்கணும்னு ஆசைப்பட்ட ஆள். கொடுத்த நிலத்தையெல்லாம் திரும்ப எடுத்துக் கூட்டுப் பண்ணையில் சேர்க்கணும் என்றார். வேகம் வேண்டாம் என்று இம்ரே எதிர்த்தார். 1949-ல் தலைமைக் குழுவிலிருந்து தூக்கினார்கள். அவர் என்ன செய்தார்? தான் நினைத்தது தப்பு என்று ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார். 1950-ல் திரும்ப மந்திரி பதவி கிடைத்தது. எந்தத் துறை தெரியுமா? விவசாயிகளிடமிருந்து விளைச்சலைக் கட்டாயமாக வசூலிக்கும் துறை. நிலம் கொடுத்த அதே கை, களத்து மேட்டில் தானியத்தை அள்ளியது.

இரும்பே இல்லாமல் இரும்பு நாடு

ராகோஷியின் கனவு ஹங்கேரியை இரும்பும் எஃகுமான நாடாக்குவது. டான்யூப் ஆற்றங்கரையில் பெரிய எஃகு ஆலை ஒன்றும், அதைச் சுற்றி ஒரு புது நகரமும் கட்டி, அதற்கு ஸ்டாலின் பெயரையே வைத்தார்கள். மெட்டலர்ஜி படிக்கிறவங்க உடனே ஒரு கேள்வி கேட்பீங்க: இரும்புத் தாது எங்கிருந்து வரும்? கோக்கிங் நிலக்கரி எங்கிருந்து வரும்? அங்கே இரண்டுமே போதுமான அளவு கிடையாது. இறக்குமதி செய்யணும். அந்தச் செலவுக்கு விவசாயியின் வயிற்றில் அடிக்கணும். எதிர்த்துப் பேசினால் முகாம். கடைகளில் சாமான் இல்லை, சிறைகளில் இடமில்லை.

1953 மார்ச்சில் ஸ்டாலின் செத்தார். ஜூனில் ராகோஷியை மாஸ்கோவுக்குக் கூப்பிட்டு வறுத்தெடுத்தார்கள். 1953 ஜூலை 4-ம் தேதி இம்ரே பிரதமர். இரண்டு வருடம் கூட முழுசாகக் கிடைக்கலை. ஆனால் அதற்குள் முகாம்களை மூடினார். ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் தாங்கள் அனுப்பப்பட்ட இடத்தை விட்டு நகர அனுமதித்தார். கூட்டுப் பண்ணையை விட்டு வெளியே போக விரும்பின விவசாயிகளைப் போகவிட்டார். எஃகு ஆலைக்குப் போன பணத்தில் கொஞ்சம் சாப்பாட்டுக்கும் துணிக்கும் திரும்பியது. ராகோஷி கட்சியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாஸ்கோவில் காற்று மாறியதும், 1955 ஏப்ரலில் இம்ரேயைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அந்த வருடக் கடைசிக்குள் கட்சியிலிருந்தும் நீக்கினார்கள்.

இந்தத் தடவை ஒரு வித்தியாசம். 1949-ல் செய்தது போல மன்னிப்பு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மாட்டேன் என்றார். வீட்டில் உட்கார்ந்து தன் தரப்பை நீண்ட கட்டுரைகளாக எழுதினார். 1956 ஜூனில் அவருடைய 60-வது பிறந்த நாளுக்கு எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் பழைய தோழர்களும் வீட்டுக்கு வந்து போனார்கள். பிறந்த நாள் வாழ்த்து சொல்வதைச் சட்டப்படி தடுக்க முடியாது இல்லையா? அதுவே ஒரு போராட்டம் ஆச்சு.

ஒரு சவ ஊர்வலமும் ஒரு டெக்னிகல் யுனிவர்சிட்டியும்

ஹங்கேரியின் அரசியல் பல தடவை சுடுகாட்டில்தான் திரும்பியிருக்கு. 1949-ல் ராகோஷி ஆட்சி லாஸ்லோ ராய்க் என்ற சொந்தக் கட்சி மந்திரியையே பொய் வழக்கில் தூக்கில் போட்டது. 1956-ல் அவர் குற்றமற்றவர் என்று அதே கட்சி ஒப்புக்கொண்டு, அக்டோபர் 6-ம் தேதி மரியாதையோடு மறு அடக்கம் செய்தது. பெரும் கூட்டம் அமைதியாக நடந்து வந்தது. இம்ரேயும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கட்சி பொய் சொல்லும், கொலை செய்யும், பிறகு பூ வைக்கும் என்பதை எல்லோரும் ஒரே நாளில் கண்ணால் பார்த்தார்கள்.

அக்டோபர் 22. புடாபெஸ்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கூடினார்கள். நம்மள மாதிரி இன்ஜினியரிங் பசங்க. இராத்திரி வரைக்கும் பேசி, 16 கோரிக்கைகளை எழுதினார்கள். சோவியத் படை வெளியேறணும், பல கட்சித் தேர்தல் வேணும், இம்ரே நாட்ஜ் பிரதமராகணும். அந்தப் பட்டியலில் ஸ்டாலின் சிலையை எடுக்கணும் என்பதும் ஒன்று. அதற்குப் பதில், 1848-49 விடுதலைப் போரில் செத்தவர்களுக்கு நினைவுச் சின்னம் வேணும் என்றார்கள். கவனிச்சீங்களா? யாரை ஞாபகம் வைக்கணும் என்பதும் அவர்களுக்கு ஓட்டுரிமை மாதிரி ஒரு உரிமைதான்.

அடுத்த நாள் ஊரே தெருவுக்கு வந்தது. 8 மீட்டர் உயர வெண்கல ஸ்டாலினைக் கேபிள் கட்டி இழுத்துப் பார்த்தார்கள், அசையலை. தொழிலாளர்கள் கேஸ் கட்டிங் செட்டோடு வந்து முழங்கால் பக்கமாக அறுத்தார்கள். சிலை விழுந்தது. பீடத்தில் இரண்டு பூட்ஸ் மட்டும் நின்றது.

அதே இரவு பாராளுமன்றத்துக்கு முன்னால் கூடிய கூட்டம் இம்ரேயைக் கூப்பிட்டது. அவர் வரவே தயங்கினார். பால்கனிக்கு வந்து, பழக்க தோஷத்தில் தோழர்களே என்று ஆரம்பித்தார். கூட்டம் கத்தி எதிர்ப்புக் காட்டியது. வீட்டுக்குப் போங்கள், கட்சிக்குள் பேசித் தீர்ப்போம் என்கிற மாதிரி ஏதோ சொல்லி முடித்தார். வந்தவர்களுக்கு ஏமாற்றம். தெருவில் நடப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கு அப்போது புரியலை.

பதிமூன்று நாள்

அன்று இரவே கட்சி அவரைப் பிரதமராக்கியது. சோவியத் டாங்கிகளும் உள்ளே வந்தன. முதல் நான்கைந்து நாள் அவர் கட்சி அலுவலகத்துக்குள் அடைபட்டுக் கிடந்தார். வெளியே இராணுவச் சட்டம் அவர் ஆட்சியின் பெயரில் ஓடியது. அக்டோபர் 25-ம் தேதி பாராளுமன்றச் சதுக்கத்தில் நிராயுதபாணிக் கூட்டத்தின் மேல் சுட்டார்கள்.

28-ம் தேதி அவர் மாறினார். இது எதிர்ப்புரட்சி இல்லை, மக்களுடைய ஜனநாயக இயக்கம் என்று வானொலியில் அறிவித்தார். போர் நிறுத்தம். இரகசியப் போலீஸ் கலைப்பு. 30-ம் தேதி, பல கட்சி ஆட்சி. அதே நாள் கட்சியின் நகர அலுவலகத்தைத் தாக்கிய கூட்டம், சரணடைந்தவர்களை அடித்தும் தொங்கவிட்டும் கொன்றது. அதுவும் அந்தப் புரட்சிக்குள் நடந்ததுதான்.

நவம்பர் 1. புது சோவியத் படைகள் எல்லையைத் தாண்டி வருவதாகத் தகவல். சோவியத் தூதராக இருந்தவர் யூரி ஆந்த்ரோபோவ், பின்னாளில் சோவியத் யூனியனின் தலைவரானவர். இம்ரே அவரைக் கூப்பிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டார். சரியான பதில் வரலை. அன்றைக்கே ஹங்கேரி வார்சா ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறது, நடுநிலை நாடாகிறது என்று அறிவித்து ஐ.நா.விடம் உதவி கேட்டார். உலகத்தின் கவனம் அப்போது சூயஸ் கால்வாய்ப் போரில் இருந்தது. அவருடைய சகா யானோஷ் காதார் அன்று இரவு காணாமல் போனார். திரும்பி வந்தது சோவியத் டாங்கிகளோடு, புது ஆட்சியின் தலைவராக.

நவம்பர் 4 விடியற்காலை 5.20. சோவியத் படை தலைநகரைத் தாக்குகிறது, அரசு தன் இடத்தில் இருக்கிறது என்று இம்ரே வானொலியில் சில வரிகளில் நாட்டுக்கும் உலகத்துக்கும் சொன்னார். பிறகு யுகோஸ்லாவியத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தார். அந்தச் சண்டைகளில் சுமார் 2,500 ஹங்கேரியர்கள் செத்தார்கள். சுமார் 2 லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள்.

ஒரு ராஜினாமா கடிதம்

காதாருக்கு ஒரு சிக்கல் இருந்தது. டாங்கி கையில் இருக்கு, ஆனால் சட்டப்படி பிரதமர் இம்ரேதான். அவர் ராஜினாமா செய்துட்டா எல்லாம் சுலபம். கேட்டார்கள். அவர் தரலை. அவருக்கும் கூட இருப்பவர்களுக்கும் ஆபத்து வராது என்று காதார் எழுத்தில் உறுதி கொடுத்தார். அதை நம்பி நவம்பர் 22-ம் தேதி தூதரக வாசலில் நின்ற பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் வீட்டுக்குப் போகலை. சோவியத் ஆட்கள் அவர்களைப் பிடித்து ருமேனியாவின் ஸ்நாகோவ் என்ற இடத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கேயும் அவரைப் பேசி மாற்ற ஆள் வந்தது. 1949-ல் எழுதிக் கொடுத்தது போல ஒரு தாள், அவ்வளவுதான். அங்கேயும் தரலை.

1957 ஏப்ரலில் கைது செய்து புடாபெஸ்ட் கொண்டு வந்தார்கள். 1958 ஜூனில் இரகசிய விசாரணை. ஜூன் 15 தீர்ப்பு. கருணை மனு போடச் சட்டத்தில் இடம் இருந்தது. அவர் கேட்கலை. தன் மேல் விழுந்த பழியை ஹங்கேரிய மக்களும் உலகத் தொழிலாளர்களும் ஒரு நாள் துடைப்பார்கள் என்று நீதிமன்றத்தில் சொல்லி உட்கார்ந்தார். ஜூன் 16 காலையில் தூக்கு. கூடவே பாதுகாப்பு மந்திரி பால் மலேட்டரும், பத்திரிகையாளர் மிக்லோஷ் கிமேஷும். நாட்டுக்குச் செய்தி சொன்னது எல்லாம் முடிந்த பிறகுதான்.

பெயரில்லாத பகுதி 301

சிறை முற்றத்தில் புதைத்த உடலை 1961-ல் தோண்டி எடுத்துப் பக்கத்திலிருந்த பொதுக் கல்லறையின் 301-ம் எண் பகுதிக்கு மாற்றினார்கள். தார்த்தாளில் சுற்றி, கம்பியால் கட்டி, குப்புறப் போட்டு மூடினார்கள். பதிவேட்டில் அவர் பெயருக்குப் பதில் ஒரு பெண்ணின் பெயரை எழுதினார்கள். மேலே கல்லும் இல்லை, எண்ணும் இல்லை. புதர் மண்டியது.

காதார் 30 வருடத்துக்கு மேல் ஆண்டார். முதல் வருடங்களின் பழிவாங்கலுக்குப் பிறகு ஆட்சி கொஞ்சம் தளர்ந்தது. கடைகளில் சாமான் கிடைத்தது, வெளிநாடு போய் வர முடிந்தது. அதற்கு ஒரு சொல்லாத விலை: 1956 பற்றிப் பேசக் கூடாது. பாடப் புத்தகத்தில் அது எதிர்ப்புரட்சி. வீட்டில் அப்பா அம்மா வாயைத் திறக்கலை. ஒரு தலைமுறையே அந்தப் பெயரைக் கேட்காமல் வளர்ந்தது.

1988 ஜூன் 16-ம் தேதி பாரிஸில் ஒரு அடையாளக் கல்லறை திறந்தார்கள். அதே நாள் புடாபெஸ்ட் தெருவில் அவரை நினைத்துக் கூடியவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. ஒரே வருடம்தான். 1989 ஜனவரியில் ஆட்சியில் இருந்த இம்ரே போஜ்கோயி, 1956-ல் நடந்தது மக்கள் எழுச்சி என்று வானொலியில் சொன்னார். மார்ச் கடைசியில் 301-ம் பகுதியைத் தோண்ட ஆரம்பித்தார்கள்.

ஜூன் 16. வீரர்கள் சதுக்கத்தின் கலைக்கூடத் தூண்களைக் கருப்புத் துணியால் மூடியிருந்தார்கள். அந்த மேடையை வடிவமைத்தவர்களில் ஒருவர் கட்டிடக் கலைஞர் லாஸ்லோ ராய்க். 1949-ல் தூக்கில் போடப்பட்டு 1956-ல் மறு அடக்கம் செய்யப்பட்ட அந்த ராய்க்கின் மகன். ஆறு சவப்பெட்டிகள். ஐந்தில் இம்ரேயும் அவருடைய நான்கு தோழர்களும். ஆறாவது காலி. அது பெயர் தெரியாமல் செத்தவர்களுக்கு. தாடி வைத்த 26 வயது இளைஞர் ஒருவர் கடைசியாகப் பேசி, சோவியத் படை வெளியேறணும் என்று வெளிப்படையாகக் கேட்டார். பெயர் விக்டர் ஓர்பான். ஜூலை 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் இம்ரேயின் தண்டனையை ரத்து செய்தது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு துண்டுச் சீட்டு உள்ளே வந்தது. யானோஷ் காதார் செத்துட்டார்.

செத்த பிறகு ஒரு இழுபறி

கதை இங்கே முடிஞ்சிருந்தா நல்ல சினிமா. முடியலை.

மறு அடக்கம் நடந்த அதே மாதம், சோவியத் உளவுத்துறை கே.ஜி.பி.யின் தலைவர் தன் ஆவணக் கிடங்கிலிருந்து சில தாள்களை எடுத்து கோர்பசேவிடம் கொடுத்தார். மாஸ்கோ நாட்களில் இம்ரே வொலோத்யா என்ற புனைபெயரில் இரகசியப் போலீஸுக்குத் தகவல் கொடுத்தார் என்று அதில் இருந்தது. 1990-களில் அது பத்திரிகைக்கு வந்தது. அந்தத் தாள்கள் அப்போது வெளியே வந்ததற்கு நோக்கம் இருந்தது. அவர் பெயரைக் கெடுக்கணும். அதற்காக உள்ளே இருப்பதெல்லாம் பொய் என்று தள்ளவும் முடியாது. அவர் தகவல் கொடுத்தவர் என்பதைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள்; யார் சாவுக்கு அது எவ்வளவு காரணம் என்பதில்தான் வாதம்.

1996-ல் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் சிலை வந்தது. சிற்பி தமாஷ் வர்கா. தொப்பியும் கோட்டும் போட்டு, ஒரு சின்னப் பாலத்தின் நடுவில் நின்று பாராளுமன்றத்தைப் பார்க்கிற உருவம். அதே வருடம் அவர் நினைவைப் போற்றி ஒரு சட்டமும் போட்டார்கள். அப்போது பிரதமர் யூலா ஹோர்ன். 1956 எழுச்சியை அடக்கிய ஆயுதப் படையில் இளைஞராக இருந்தவர். அப்போது ஜனாதிபதி அர்பாட் கென்ட்ஸ். அதே 1956-க்காகச் சிறையில் இருந்தவர். இரண்டு பேருக்கும் ஒரே தியாகி. தூக்கில் போட்ட கட்சியின் வாரிசுகளுக்கு அவர் ஒரு நல்ல கம்யூனிஸ்ட். எதிர்த் தரப்புக்கோ, அவர் கடைசி நேரத்தில் திருந்திய ஒரு கம்யூனிஸ்ட். உண்மையான வீரர்கள் துப்பாக்கி எடுத்த தெருப் பையன்கள்தான்.

2010-க்குப் பிறகு ஓர்பான் ஆட்சியில் இரண்டாவது பார்வைதான் அரசுப் பார்வை ஆனது. பாராளுமன்றச் சதுக்கத்தை 1944-க்கு முன் இருந்த தோற்றத்துக்குக் கொண்டுவரணும் என்று 2011-ல் தீர்மானம். அதன்படி 2018 டிசம்பரில் இம்ரே சிலை போனது. அந்த இடத்தில் 1934-ல் இருந்த ஒரு நினைவுச் சின்னத்தைத் திரும்பக் கட்டினார்கள். 1919 கம்யூனிஸ்ட் ஆட்சியில் கொல்லப்பட்டவர்களுக்கு அட்மிரல் ஹோர்தி காலத்தில் வைத்தது அது. இம்ரே சிலை மார்கரெட் பாலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சதுக்கத்துக்குப் போனது. 1956-ஐ ஆராய்வதற்கென்றே இருந்த ஆய்வு நிறுவனத்தையும் 2019-ல் அரசின் வேறொரு வரலாற்று நிறுவனத்தோடு இணைத்துட்டாங்க.

1919-ல் செத்தவர்களும் மனிதர்கள்தான். அவர்களுக்கும் ஒரு கல் வேணும். அதில் சண்டை இல்லை. ஆனால் 1944-க்கு முந்தைய நிலை என்று கோடு போடும்போதே, அதற்குப் பிறகு அந்தச் சதுக்கத்தில் நடந்தது எதுவும் நடக்கவே இல்லை என்கிற மாதிரி ஆயிடுது. 1956 அக்டோபர் 25-ம் தேதி சுடப்பட்டவர்கள் விழுந்ததும் அங்கேதான். கிட் தெரிஞ்சவங்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லலாம்: புது கமிட் போடறது வேற, பழைய ஹிஸ்டரியை அழிச்சுட்டு ஃபோர்ஸ் புஷ் பண்றது வேற. காதார் செய்தது இரண்டாவது. அதை எதிர்த்துத்தான் 1989-ல் அவ்வளவு பேர் தெருவுக்கு வந்தார்கள்.

முழு மனிதர்

இம்ரேயைச் சுத்தமான தியாகியாகக் காட்டினாலும் பொய்தான், வெறும் கம்யூனிஸ்ட் என்று தள்ளினாலும் பொய்தான். நிலம் கொடுத்தவரும் அவர்தான், தானியம் பிடுங்கியவரும் அவர்தான். மாஸ்கோவில் தகவல் கொடுத்து உயிர் பிழைத்தார். 1949-ல் மன்னிப்பு எழுதினார். பால்கனியில் தடுமாறினார். முகாம்களையும் மூடினார். இதில் எந்த வரியை எடுத்தாலும் மீதி வரிகளுக்கு அர்த்தம் குறைஞ்சுடும். ஏன்னா கடைசியில் அவர் செய்ததன் கனம், அதற்கு முன்னால் அவர் எத்தனை தடவை வளைந்தார் என்பதில்தான் இருக்கு.

வளையத் தெரியாதவர் உடைந்து போனார் என்றால் அது பெரிய ஆச்சரியம் இல்லை. எப்படி வளைந்தால் பிழைக்கலாம் என்று 30 வருட அனுபவத்தில் தெரிந்த ஒருவர், 60 வயசில், முன்னால் ஒரு தாளும் பேனாவும் இருக்கும்போது, கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தார். கூட்டம் இல்லை, கேமரா இல்லை, தன் பெயரை நாடு மறக்கப் போகுது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். பாலத்தின் மேல் நின்ற வெண்கல மனிதரைக் கிரேனால் எங்கே வேணும்னாலும் வைக்கலாம். அந்தக் கையெழுத்தில்லாத தாளை எந்த அரசாலும் இனிமேல் நிரப்ப முடியாது.